சேத்ரி நிற்கும் இடம்

அல்சூரில் எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். தெருவுக்கே அவர் மாமா. பெங்களூரு எஃப்சி ஆட்டம் இருக்கிற நாட்களில் என் போனை வாங்கி, முதல் வேலையாக வர்ணனையின் சத்தத்தை அணைத்துவிடுவார். ஸ்கோர் கேட்கமாட்டார். "பையன் இன்னிக்கு எங்க நிக்கிறான்?" என்பார். பையன் என்றால் சுனில் சேத்ரி. 2013இல் கிளப் தொடங்கியபோது கேப்டனாக வந்தவர். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். மாமாவுக்கு இன்னும் பையன்தான்.

ஒருநாள் காரணம் கேட்டேன். "கோச் மாறினா மொதல்ல மாறுறது அவன் நிக்கிற இடம்தான் தம்பி. பேப்பர்ல போடறதுக்கு முன்னாடி அதுல தெரிஞ்சிடும்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கண்டீரவா ஸ்டேடியத்தில் கேலரிக்கும் புல்தரைக்கும் நடுவே தடகளப் பாதை ஓடுகிறது. இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் டச்லைனில் நிற்கும் கோச் கைகளை வீசுகிற ஒரு சின்ன உருவம், அவ்வளவுதான். அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று டிவியில் பார்ப்பவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அவர் மனசு தெரிய வேண்டுமானால் களத்தைத்தான் படிக்க வேண்டும்.

மாமாவின் தலைமுறைக்கு கோச் என்றால் வேறு. பெங்களூரு கால்பந்துக்கு வயது அதிகம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். வெறுங்காலோடு வித்தை காட்டிய அகமது கானும் இந்த ஊர்க்காரரே. எங்கள் பக்கத்து கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். பிறகு ஐடிஐ, எச்ஏஎல் என்று கம்பெனி அணிகளின் காலம். "அப்போ கோச்சுன்னா நேத்து வரைக்கும் கூட ஆடினவன். விசில் ஒண்ணு கழுத்துல, பந்துப் பை ஒண்ணு தோள்ல" என்பார் மாமா. வெளிநாட்டிலிருந்து ஒருவரை வரவழைத்து அணியையே அவர் கையில் கொடுப்பது 2013இல்தான் அவர் கண்ணால் பார்த்தது.

அந்த ஆண்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. மே மாதம் சர் அலெக்ஸ் ஃபெர்குசன் 26 ஆண்டுகளுக்குப் பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து விடைபெற்றார். ஜூலை 20 அன்று, ஜேஎஸ்டபிள்யூ குழுமத்தின் பணத்தில், பெங்களூரு எஃப்சி பிறந்தது. அதற்கு முதல் கோச்சாக வந்த ஆஷ்லி வெஸ்ட்வுட் அதே யுனைடெட்டின் இளைஞர் அணியில் ஃபெர்குசன் காலத்தில் வளர்ந்தவர். பெரிய அணிக்காக ஒரு ஆட்டமும் ஆடக் கிடைக்காமல் சின்ன கிளப்புகளுக்குப் போய்விட்டவர். வரும்போது வயது 36. ஃபெர்குசனுக்குப் பின் அந்த மாபெரும் கிளப்பே கோச் மாற்றி மாற்றிக் களைத்துப்போய்விட்டது. அதோடு வைத்துப் பார்த்தால் நம்மூர் கிளப் ஒன்றும் அவசரக்குடுக்கை இல்லை.

வெஸ்ட்வுட்டின் ஆட்டத்தை அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் சொல்வேன், ஆனால் கொஞ்சம் விளக்க வேண்டும். உடம்புக் கொழுப்பை அளப்பார், சாப்பாட்டைக் கவனிப்பார், எதிரணியின் வீடியோவைப் போட்டு உட்காரவைப்பார். களத்தில் எல்லாம் நேர்க்கோடு. ராபின் சிங்கோ ஷான் ரூனியோ உயரப் பந்துக்கு எழும்ப, அங்கிருந்து சிதறும் பந்துக்கு இரண்டு எட்டு தள்ளி சேத்ரி காத்திருப்பார். அந்த இரண்டு எட்டுதான் வெஸ்ட்வுட்டின் கையெழுத்து. அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிற ஆள் மாதிரி, பால் பொங்கும் நேரத்துக்கு சேத்ரி அங்கே இருப்பார். அந்த சீசனில் 14 கோல். ஐ-லீகில் அதிக கோல் அடித்தவர்களில் அவரும் ஒருவர். 2014 ஏப்ரல் 21 அன்று கோவா ஃபத்தோர்டாவில் டெம்போவை 4-2 என்று வென்று, ஆடவந்த முதல் ஆண்டிலேயே சாம்பியன்.

அடுத்த ஆண்டு, 2015 மே 31. கடைசி ஆட்டம், கண்டீரவாவில், எதிரே மோகன் பகான். நமக்கு வெற்றி வேண்டும், அவர்களுக்கு டிரா போதும். ஜான் ஜான்சன் கோலால் 1-0 என்று முன்னிலையில் நின்று, 87ஆவது நிமிடத்தில் அவர்களின் பெல்லோ ரசாக் தலையால் கோல் போட, பட்டம் கைநழுவியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத இஷ்டமில்லை. 2016இல் பட்டத்தை மீட்டுக் கொடுத்துவிட்டு வெஸ்ட்வுட் கிளம்பினார்.

அவரைப் பற்றி ஒரு பின்குறிப்பு உண்டு. 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தான் இந்தியாவை 2-1 என்று வென்றது. அது சேத்ரியின் 150ஆவது சர்வதேச ஆட்டம், இந்தியாவின் கோல் அவர் பெனால்டியில் அடித்தது. ஆப்கானிஸ்தானின் கோச் வெஸ்ட்வுட். 2025 ஜூனில் ஹாங்காங் 1-0 என்று இந்தியாவை வென்றபோதும் எதிர்ப்பக்கம் நின்றது அவரே. சேத்ரி எங்கே நிற்பார் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

2016 ஜூலையில் ஆல்பர்ட் ரோக்கா வந்தார். கட்டலோனியாக்காரர், பார்சிலோனாவில் ரைக்கார்டின் உதவியாளர் குழுவில் இருந்தவர். ஏஎஃப்சி கோப்பையில் வெஸ்ட்வுட் குழுச் சுற்றைத் தாண்டி, ஹாங்காங் சென்று கிட்சியை 3-2 என்று சாய்த்துப் பாதி வழி கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மீதிப் பாதி ரோக்காவினுடையது. ஒருவர் உலை வைத்துவிட்டுப் போக, இன்னொருவர் வந்து வடித்த சோறு அது. கால் இறுதியில் சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸ் விழுந்தது. அரையிறுதியில் நடப்புச் சாம்பியன், மலேசியாவின் ஜொகூர் டாருல் தாசிம்.

2016 அக்டோபர் 19. அங்கே போய் 1-1 என்று சமன் செய்துவிட்டு வந்திருந்தோம். இங்கே தொடங்கிய பதினோராவது நிமிடத்திலேயே ஜொகூர் கோல் போட்டுவிட்டது. ஸ்டேடியம் ஒரு கணம் ஊமையானது. வெஸ்ட்வுட் அணியாக இருந்தால் அடுத்த பந்து வானத்துக்குப் போயிருக்கும். நடந்தது வேறு. டிஃபெண்டர் பக்கத்து டிஃபெண்டரிடம் கொடுத்தார். அவர் ஆல்வாரோ ரூபியோவிடம். ரூபியோ திரும்ப அவரிடமே. என் பின்னால் ஒருவர் கன்னடத்தில் திட்டவே ஆரம்பித்துவிட்டார். கோல் வாங்கிய அணி பந்தை வைத்துக்கொண்டு தாயக்கட்டம் ஆடினால் யாருக்குத்தான் எரியாது! ஆனால் ஒவ்வொரு பாஸுக்கும் ஜொகூர்காரர்கள் ஒரு எட்டு முன்னால் வர வேண்டியிருந்தது. வர வர அவர்கள் முதுகுக்குப் பின்னால் காலி இடம் வளர்ந்துகொண்டே போனது.

இடைவேளைக்கு முன் சேத்ரி தலையால் ஒன்று. 66ஆவது நிமிடத்தில் அவர் இரண்டாவது கோலை அடித்த இடத்தைப் பாருங்கள்: பெனால்டி பெட்டிக்கு வெளியே, நல்ல தூரத்தில். வெஸ்ட்வுட் காலத்தில் சேத்ரிக்கு அங்கே வேலையே இல்லை. ரோக்கா அவரைக் கோல் வாசலிலிருந்து இழுத்துப் பின்னால், ஓரத்துக்குக் கொண்டுவந்திருந்தார். நிமிர்ந்து பார்க்க, பந்தை அமைத்துக்கொள்ள அங்கே ஒரு மூச்சு நேரம் கிடைத்தது. அந்த ஒரு மூச்சில் போன பந்து அது. பிறகு ஹுவானன் மூன்றாவதைப் போட்டார். இந்திய கிளப் ஒன்று ஏஎஃப்சி கோப்பையின் இறுதிக்குப் போனது அதுவே முதல் முறை. தோஹாவில் இராக்கின் அல்-குவா அல்-ஜாவியாவிடம் 0-1. வழக்கமான கோல்கீப்பர் அம்ரிந்தர் தடையில் வெளியே இருந்தார். அது தனி வயிற்றெரிச்சல்.

ரோக்காவின் ஐ-லீக் சீசன் நான்காம் இடத்தில் முடிந்தது. கட்டக்கில் கூடுதல் நேரத்தில் சி.கே. வினீத் அடித்த இரண்டு கோலால் ஃபெடரேஷன் கோப்பை கைக்கு வந்தது. அதைத் தாண்டி, அடுத்த சீசனில் கிளப் மாறிச்சென்ற இந்தியன் சூப்பர் லீக்குக்கு, அதாவது ஐஎஸ்எல்லுக்கு வருவோம்.

2017-18இல் இடது ஓரம் சேத்ரி, வலது ஓரம் உதாந்தா, நடுவில் வெனிசுவேலாவின் மிக்கு. நடு ஸ்ட்ரைக்கர் என்று நாடே அறிந்த மனிதரை ஓரத்துக்குத் தள்ளியதைப் பார்த்து மாமா முகம் சுளித்தார். "வீட்டு மாப்பிள்ளையைத் திண்ணையில உக்கார வெச்ச மாதிரி." மிக்கு 15, சேத்ரி 14 என்று கோல் குவிந்தபோது அதே மாமா, "திண்ணையிலதான்டா காத்து வருது" என்றார். 18 ஆட்டத்தில் 40 புள்ளி, முதலிடம், சொந்த மண்ணில் இறுதிப்போட்டி.

எதிரே வந்தது சென்னையின் எஃப்சி.

2018 மார்ச் 17 சாயங்காலம் பெங்களூர்த் தமிழனின் அவஸ்தையை எந்தக் கோச்சாலும் தீர்த்திருக்க முடியாது. இரண்டு அணிக்கும் நீலமே சொந்த நிறம். அல்சூரில் மெட்ரோ ஏறி கப்பன் பார்க்கில் இறங்கும் வரை, பெட்டியில் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்களில் யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் பெங்களூர்ப் பக்கம். ஊரில் இருக்கும் பெரியப்பா மகன் காலையிலேயே கூப்பிட்டு, "அண்ணே, நீ யாருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சிரித்தான்.

ஒன்பதாவது நிமிடம். உதாந்தா வலது ஓரத்தில் பறந்து உள்ளே தள்ள, இடது ஓரத்துக்காரர் சேத்ரி தாழப் பாய்ந்து தலையால் கோல். ஓரத்தில் நிறுத்தப்பட்டவர் கோல் வாசலுக்கு வந்துசேர்ந்த அந்த ஓட்டத்தில் ரோக்காவின் இரண்டு வருஷப் பாடமும் இருந்தது. முதலிலேயே அங்கே நின்றிருந்தால் ஆள் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். தூரத்திலிருந்து வருகிறவரை யார் பிடிப்பது?

அதன் பிறகு சென்னையின் இரண்டு கார்னர் எடுத்தது. இரண்டிலும் பிரேசில்காரர் மைல்சன் ஆல்வஸ் எழும்பித் தலையால் கோல். சென்னையின் கோச் ஜான் கிரிகரி, இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர். ரோக்கா மாதக்கணக்கில் நெய்த பட்டை, அந்தப் பழைய இங்கிலாந்துக்காரர் இரண்டு கார்னரில் கத்தரித்துவிட்டார். ரஃபேல் அகுஸ்தோ மூன்றாவது போட, கடைசியில் மிக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தும் 3-2. சென்னை சாம்பியன். திரும்பி வரும் மெட்ரோவில் தமிழ் பேசியவர்களில் யார் எந்தப் பக்கம் என்று அப்போது நன்றாகவே தெரிந்தது.

அந்த இரண்டு கார்னரையும் பெங்களூரு பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், ரோக்காவின் உதவியாளர் கார்லஸ் குவாத்ரத். பார்சிலோனாவின் லா மாசியாவில் வளர்ந்தவர். ரோக்கா சூப்பர் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு விடைபெற, பொறுப்பு இவருக்கு வந்தது. பாஸ் ஆட்டம் அப்படியே இருந்தது, சேத்ரியும் இடது ஓரத்திலேயே. மாமா கூட, "மாத்தலையே?" என்று ஏமாந்தார். மாற்றம் வேறு இடத்தில் இருந்தது. பந்து நின்றுவிட்ட நேரங்களில். ஃப்ரீகிக், கார்னர். டிமாஸ் டெல்காடோ பந்தை வைத்துவிட்டுக் கையைத் தூக்கும்போது உள்ளே நான்கைந்து பேர் கல்யாண வீட்டுப் பந்தி பரிமாறுகிறவர்கள் மாதிரி குறுக்கும் நெடுக்கும் நகர்வார்கள். பார்ப்பதற்குக் குழப்பம். யாருக்கு எந்த இலை என்று அவரவருக்குத் தெரியும்.

2019 மார்ச் 17. தேதியைக் கவனியுங்கள்; சென்னையிடம் தோற்று நாள் பிசகாமல் ஒரு வருஷம். மும்பையில் இறுதிப்போட்டி, எதிரணி எஃப்சி கோவா. 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் தறுவாயில் கோவாவின் ஜாஹூ சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். கால்கள் கனத்து, இனி பெனால்டிதான் என்று எல்லோரும் மனசைத் தயார்செய்துகொண்டிருந்த 117ஆவது நிமிடம், ஒரு கார்னர். டிமாஸ் அனுப்பினார். ராகுல் பேக்கே எழும்பினார். டிஃபெண்டர், மும்பையில் பிறந்தவர். கோல். 1-0. லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணியே கோப்பையையும் வென்றது ஐஎஸ்எல்லில் அதுதான் முதல் தடவை.

போன வருஷம் எதனால் தோற்றோமோ அதே கார்னர், அதே தலை, அதே தேதி. இது தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கார்னரைப் பார்த்த ஒரு மனிதர், ஒரு வருஷம் முழுக்க அதையே மென்றுகொண்டிருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மாமா அந்த இரவு பையனைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அந்தக் கார்னரை மட்டும் இன்னொரு தடவை போடு" என்றார்.

2021 ஜனவரியில், தொடர்ந்து மூன்று தோல்விக்குப் பிறகு, குவாத்ரத்தை அனுப்பிவிட்டார்கள். கோப்பை கொடுத்தவருக்கு மூன்று ஆட்டம் கூடக் கடன் கொடுக்கவில்லையே என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு. நௌஷாத் மூசா சீசனின் மீதியைத் தாங்கினார். அடுத்து வந்தவர் ஜெர்மனியின் மார்கோ பெஸ்ஸாயுவோலி. 2009இல் ஜெர்மனியின் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்தவர். கொரோனா காரணமாக அந்த ஐஎஸ்எல் முழுவதும் கோவாவின் காலி ஸ்டேடியங்களில் நடந்தது. லீகில் பெங்களூருக்குக் கோச்சாக இருந்தும் கண்டீரவாவில் ஒரு ஆட்டத்துக்குக்கூட நிற்காதவர் அவர். மேற்கு கேலரியில் வெஸ்ட் பிளாக் புளூஸ் ரசிகர்கள் போடும் சத்தம் அவர் காதில் விழவே இல்லை. ஆறாம் இடம். அவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல எனக்கு நியாயம் போதாது.

2022இல் மறுபடி ஓர் இங்கிலாந்துக்காரர், சைமன் கிரேசன். 2010 ஜனவரியில், மூன்றாம் டிவிஷனில் இருந்த லீட்ஸை அழைத்துக்கொண்டு ஓல்டு டிராஃபோர்டுக்குப் போய் மான்செஸ்டர் யுனைடெட்டை எஃப்ஏ கோப்பையில் 1-0 என்று வென்றவர். அப்படிப்பட்டவருக்குப் பெரிய பெயர்களைக் கண்டு பயம் இருக்குமா? சேத்ரியை எங்கே நிறுத்தினார் தெரியுமா? எங்கேயும் நிறுத்தவில்லை. உட்காரவைத்தார்.

முன்னால் ஃபிஜியின் ராய் கிருஷ்ணாவும், சிவகங்கைச் சீமையின் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி நாராயணனும். இருபத்தொரு வயது. டூரண்டு கோப்பை இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராகக் கோல் போட்டிருந்தான். அவன் என்று எழுதிவிட்டேன். எங்கள் பக்கத்துப் பிள்ளை மாதிரி ஓர் உரிமை. நான் முதலில் கிரேசன்மேல் கோபப்பட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தடுமாறிக்கொண்டிருந்த அணி அதன்பின் லீகில் வரிசையாக எட்டு ஆட்டம் ஜெயித்தது. அந்த பெஞ்சின் அருமை அப்போதுதான் புரிந்தது. எதிரணி டிஃபெண்டர்கள் எழுபது நிமிடம் சிவசக்தியைத் துரத்தி நாக்குத் தள்ளி நிற்கும்போது, இருபது வருஷ அனுபவம் புதுக் கால்களோடு உள்ளே வரும்.

2023 மார்ச் 3, கேரளா பிளாஸ்டர்ஸ். கோல் இல்லாமல் கூடுதல் நேரம். ஃப்ரீகிக் கிடைத்தது, அவர்கள் கோல்கீப்பர் தடுப்புச் சுவரைச் சரிசெய்துகொண்டிருக்க, மாற்று ஆட்டக்காரராக வந்த சேத்ரி பந்தைக் காலி வலைக்குள் தூக்கிப் போட்டுவிட்டார். அவர்கள் கோச் இவான் வுகோமனோவிச் தன் அணியையே களத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். கேரள நண்பர்களோடு இது பற்றிப் பேசுவதை நான் நிறுத்திவிட்டேன். ஆனால் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும்: மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்ணுக்குத்தான், சுவர் எழும்புமுன் கதவு திறந்திருப்பது பட்டது. மும்பையில் அரையிறுதியின் முதல் ஆட்டத்திலும் பெஞ்சிலிருந்து வந்து ஒற்றைக் கோல். ஃபத்தோர்டா இறுதியில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்தில் சிவசக்தி அடிபட்டு விழ, சேத்ரி வரவேண்டியதாயிற்று. கிரேசன் கடைசி இருபது நிமிடத்துக்கு என்று சேர்த்துவைத்திருந்த பணம் வாசலிலேயே செலவாகிவிட்டது. 2-2, பெனால்டியில் மோகன் பகானுக்குப் போனது.

அந்த வருஷக் கடைசியில் கிரேசனும் போனார். வந்தவர் ஹெரார்டு சரகோசா, முன்பு குவாத்ரத்தின் உதவியாளராக இங்கேயே இருந்தவர். முதலில் பத்தாம் இடம். 2024 செப்டம்பரில் அடுத்த ஐஎஸ்எல் தொடங்கியபோது முதல் எதிரணி ஈஸ்ட் பெங்கால். அதன் கோச் குவாத்ரத். இளம் வினித் வெங்கடேஷ் கோல் அடிக்க, சிஷ்யர் குருவை 1-0 என்று வென்றார்.

சரகோசா நாற்பது வயதுக்காரரை எங்கே நிறுத்தினார்? நடுவிலேயே, கோல் வாசலில். வெஸ்ட்வுட் நிறுத்திய அதே இடம், இப்போது ஓட்டத்தைக் குறைத்து. டிசம்பர் 7 அன்று கேரளாவுக்கு எதிராக ஹாட்ரிக். அந்த சீசனில் 14 கோல். ஐ-லீக் முதல் சீசனில் அடித்த அதே எண்ணிக்கை. மும்பை சிட்டியை 5-0 என்று நொறுக்கிவிட்டு, கோவாவோடு அரையிறுதி. இங்கே 2-0 ஜெயித்துவிட்டுப் போனால், ஏப்ரல் 6 அன்று ஃபத்தோர்டாவில் அவர்கள் அதே 2-0 என்று சமன் செய்துவிட்டார்கள்.

டீக்கடையில் பாதி ஷட்டர் இறக்கியாயிற்று. கடைக்காரர் பாய்லரைக் கழுவிக்கொண்டிருந்தார். போன் மாமா கையில், வழக்கம்போல் சத்தம் இல்லாமல். 92ஆவது நிமிடம். ஓரத்திலிருந்து நம்கியால் பூட்டியாவின் பந்து உள்ளே வந்தது, சேத்ரியின் தலை, கோல். மொத்தம் 3-2, இறுதிக்கு. ஆறு நாள் கழித்து கொல்கத்தாவில் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்கப் போகிறோம். அது அப்போது தெரியாது. நான் கத்தியதில் தெருநாய் எழுந்து ஓடியது.

மாமா கத்தவில்லை. ரீப்ளே ஓடி முடிந்ததும் போனை என் பக்கம் நீட்டினார்.

"இது இல்லடா. பந்து வர்றதுக்கு முன்னாடி அவன் எங்க நின்னான், அதைப் போடு."

விரலால் பின்னுக்கு இழுத்தேன். இன்னும் என்றார். இன்னும் இழுத்தேன்.